22 கேரட் காசில் தங்கம் போக மீதி என்ன? செம்பா, வெள்ளியா?

மஞ்சள்காசு

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் க்ரூகராண்ட் தங்கக் காசு ஒன்று, அமெரிக்கன் ஈகிள் தங்கக் காசு ஒன்று, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நிறம் ஒத்துவரவே இல்லை. க்ரூகராண்ட் செம்மை அடிக்கிறது, ஈகிள் நல்ல மஞ்சள். இரண்டுமே 22 கேரட் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். தராசிலும் இரண்டும் 33.93 கிராம். ஒரு ட்ராய் அவுன்ஸ் 31.1 கிராம்தானே, அந்தக் கூடுதல் எடை எங்கிருந்து வந்தது?

சிவப்பாக இருப்பதில் தங்கம் குறைவா? கலந்திருப்பது செம்பு மட்டுமா, வேறு ஏதாவதும் உண்டா? உரசாமல், ஆசிட் வைக்காமல் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? 0.01 கிராம் வரை காட்டும் தராசு இருக்கிறது. கடைசியாக ஒன்று: ஈகிளின் விளிம்போரம் கடுகளவில் ஒரு செந்நிறப் புள்ளி. தேய்த்து எடுத்துவிடலாமா?

உரைகல்

புள்ளியைத் தொடாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு.

இரண்டிலும் தங்கம் ஒரே அளவுதான், 31.103 கிராம். காசின் மேல் போட்டிருக்கும் "1 அவுன்ஸ்" உள்ளே இருக்கும் சுத்தத் தங்கத்தின் எடை, காசின் மொத்த எடை அல்ல. 22 கேரட் என்றால் 24 பங்கில் 22, ஆயிரத்துக்கு 916.67. அப்படியானால் சேர்மானம், அதாவது தங்கத்தோடு கலக்கும் மற்ற உலோகம், தங்கத்தின் எடையில் பதினொன்றில் ஒரு பங்கு. 31.103-ஐ 11-ஆல் வகுத்தால் 2.83 கிராம். கூட்டினால் உங்கள் 33.93 வந்துவிடும்.

நிறம் மாறுவது அந்த 2.83 கிராமில். 1967-ல் தொடங்கிய க்ரூகராண்டில் அது முழுக்கச் செம்பு. 1986-ல் தொடங்கிய ஈகிளில் மொத்த எடையில் 3% வெள்ளி, 5.33% செம்பு, அதாவது வெள்ளி சுமார் 1.02 கிராம், செம்பு 1.81 கிராம். செம்பு தங்கத்தைச் சிவப்புப் பக்கம் இழுக்கும், வெள்ளி வெளிர் பச்சைப் பக்கம் இழுக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு கண்ணுக்கு மஞ்சளாகவே நிற்கும்.

மற்ற காசுகள்: பிரிட்டிஷ் சாவரின் 7.988 கிராம், தங்கம் 7.322, மீதி 0.666 கிராம் பெரும்பாலும் செம்பு. 1933-க்கு முந்தைய அமெரிக்க 20 டாலர் 33.436 கிராம், 900 மாற்று (ஆயிரத்தில் 900 பங்கு தங்கம்), தங்கம் 30.09. பிரெஞ்சு 20 ஃபிராங்க், சுவிஸ் 20 ஃபிராங்க் இரண்டும் 6.45 கிராம், 900 மாற்று, தங்கம் 5.81. மெக்சிகோவின் 50 பெசோவும் 900, 41.67 கிராமில் 37.5 தங்கம். இந்த 900 மாற்றுக் காசுகளில் மீதிப் பத்தில் ஒரு பங்கு ஏறக்குறைய எல்லாம் செம்புதான். அதனால்தான் பழைய ஐரோப்பிய, அமெரிக்கக் காசுகளைக் குவித்து வைத்தால் மொத்தமும் ஒரு செம்மை தெரியும்.

கீழே இறங்கினால் கதை மாறும். கனடாவின் 100 டாலர் காசு, பிற்பாடு வந்தவை, 14 கேரட்: 58.33% தங்கம், மீதி 41.67% வெள்ளி. எடை 13.34 கிராம், அதில் தங்கம் கால் அவுன்ஸ்தான். பார்க்க வெளிறி இருக்கும். 1970-களில் சேகரிப்பாளர்களுக்கென்றே வந்த 500 மாற்றுக் காசுகளும் உண்டு, சரிபாதிதான் தங்கம். பெட்டியில் "தங்கக் காசு" என்று மட்டும் இருந்தால் மாற்று எண்ணைத் தேடிப் பார்க்காமல் கணக்குப் போடவே கூடாது.

பழங்காசு

உரைகல் சொன்னதில் ஒரு சேர்க்கை. "இந்தக் காசு என்றால் இந்தச் சேர்மானம்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது, ஆண்டையும் பார்க்க வேண்டும். பிரிட்டனின் பிரிட்டானியா தங்கக் காசு நல்ல உதாரணம். 1987 முதல் 1989 வரை 22 கேரட், சேர்மானம் செம்பு. 1990 முதல் 2012 வரை அதே 22 கேரட், சேர்மானம் வெள்ளி. 2013 முதல் 9999, அதாவது பத்தாயிரத்தில் 9999 பங்கு தங்கம். ஒரே பெயர், மூன்று நிறம்.

பழைய காசுகளில் இது இன்னும் கலங்கலாக இருக்கும். சிட்னி நாணயச்சாலையின் ஆரம்பகால சாவரின்கள் வெளிர் மஞ்சளாக இருப்பதற்குக் காரணம், அங்கே தோண்டிய தங்கத்தோடு இயற்கையாகவே வந்த வெள்ளியைப் பிரிக்காமல் சேர்மானக் கணக்கில் வைத்துக்கொண்டதுதான். அமெரிக்காவில் டாலோனெகா நாணயச்சாலையின் காசுகள் சிலவற்றில் தெரியும் பச்சை சாயலும் அதே வகை. சட்டமும் இடம் கொடுத்தது: 1837 சட்டப்படி சேர்மானத்தில் பாதி வரை வெள்ளி இருக்கலாம். 1873 சட்டம் அதைச் சேர்மானத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 900 மாற்றுக் காசில் அது மொத்த எடையில் 1%. ஆகவே 1873-க்கு முந்தைய அமெரிக்கக் காசு பச்சையடித்தால் உடனே போலி என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

செல்லாக்காசு

எதற்கு இந்தக் கலப்பெல்லாம்? செம்பு போட்டது மட்டம்தானே. 9999 இருக்கும்போது 22 கேரட்டை ஏன் வாங்க வேண்டும்?

மூசை

மட்டமும் இல்லை, உசத்தியும் இல்லை. தங்கத்துக்குத்தான் மதிப்பு, அது இரண்டிலும் ஓர் அவுன்ஸ். சேர்மானம் தேய்மானத்துக்காக. கை மாறிக்கொண்டே இருக்கும் காசு சுத்தத் தங்கமாக இருந்தால் முகம் அழியும், விளிம்பு நசுங்கும்.

ஏன் செம்பு என்பதற்கு அணுவைப் பார்க்க வேண்டும். தங்க அணுவின் ஆரம் 1.44 ஆங்ஸ்ட்ராம், வெள்ளியுடையதும் ஏறக்குறைய அதேதான். செம்பு 1.28. வெள்ளி அணு தங்க அணு இருந்த இடத்தில் அலுங்காமல் உட்கார்ந்துகொள்ளும், அதனால் தங்கம் பெரிதாக இறுகாது. செம்பு சிறியது. சுற்றியுள்ள அடுக்கை இழுத்துக் கோணலாக்கும், அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்குவது கடினமாகும். அதுதான் உறுதி. போதாததற்கு, செம்பு எடையில் லேசானது. 8.33% எடை என்பது அணுக்கணக்கில் 22%. அதாவது ஐந்தில் ஒன்றுக்கும் மேல் செம்பணு. அதே 8.33% வெள்ளி போட்டால் 14% அணுதான் வரும். சேர்மானம் துளிதானே என்று தோன்றும், உள்ளே துளி இல்லை.

எண்ணில் சொன்னால்: பழுக்கக் காய்ச்சி ஆறவிட்ட சுத்தத் தங்கம், கடினத்தைக் காட்டும் விக்கர்ஸ் அளவில் 25 வாக்கில். ஈகிளுக்கு நெருக்கமான கலவை (3.2% வெள்ளி, 5.1% செம்பு) அதே நிலையில் 70 வாக்கில், தகடாக அடித்து இறுக்கினால் 140 வரை போகும். வெள்ளியைக் கூட்டி 5.5% ஆக்கிச் செம்பை 2.8% ஆகக் குறைத்தால், ஆறவிட்ட நிலையில் 50-ஐத்தான் தொடும்.

இதை அனுபவத்தில் கண்டுகொண்டது மிகப் பழைய விஷயம். இங்கிலாந்தில் 22 கேரட் 1526-ல் எட்டாம் ஹென்றி காலத்தில் காசுக்கு வந்தது. சோதனை செய்து பார்த்தது ஹாட்செட், கேவன்டிஷ் என்ற இரண்டு ஆங்கிலேய வேதியியலாளர்கள். தேய்மானத்தை அளக்க ஒரு பொறியே செய்து, காசோடு காசை உரசவிட்டு எடை பார்த்தார்கள். அறிக்கை 1803-ல் வந்தது. ஈயம், பிஸ்மத் போன்றவை இம்மி கலந்தாலும் தங்கம் அடிக்கும்போது உடைந்துபோவதையும் அதில் பதிவு செய்தார்கள். பட்டறைக்கு இன்றைக்கும் பயன்படுவது இந்த இரண்டாவது செய்திதான். ஈயப் பற்று ஒட்டிய துண்டு ஒன்று மூசைக்குள் (உலோகம் உருக்கும் கிண்ணத்துக்குள்) விழுந்தால் போதும், தகடு இழுக்கும்போது ஓரமெல்லாம் பிளந்துகொள்ளும்.

மஞ்சள்காசு

நகையில் துத்தநாகம் போடுகிறார்களே, காசில் ஏன் இல்லை? நிக்கல்?

மூசை

துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். 22 கேரட் கலவை உருகுவதே 960-980 வாக்கில். உருக்கும்போதே ஒரு பங்கு வெண்புகையாகப் போகும், போனது எவ்வளவு என்று முன்கூட்டித் தெரியாது. நகையில் வார்ப்பு நன்றாக ஓடவும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளவும் கொஞ்சம் போடுவார்கள், அங்கே அது பிழைத்துக்கொள்ளும். காசில் ஆயிரத்துக்கு 916.67 என்று எழுதிக் கொடுத்த பிறகு, ஒவ்வொரு முறை உருக்கும்போதும் ஒரு மாற்று வந்தால் வேலைக்காகாது. நிக்கல் நிறத்தை வெளுக்கும், தகட்டை விறைப்பாக்கும், அச்சைத் தின்னும், சிலருக்குத் தோலில் அரிப்பும் தரும். வெள்ளைத் தங்க நகைக்கு அது வேலை செய்யலாம், காசுக்கு ஒரு பயனும் இல்லை.

கலக்கும் கணக்கு கேட்பவர்களுக்காக: 100 கிராம் 9999 தங்கத்துக்கு 9.09 கிராம் செம்பு போட்டால் 22 கேரட். ஈகிள் கலவை வேண்டுமானால் 3.27 வெள்ளி, 5.82 செம்பு. தங்கம் 995 என்றால் அதிலேயே அரை கிராம் வேறு சரக்கு இருக்கிறது, ஆகவே சேர்ப்பது 8.55 கிராம்தான். இந்த இடத்தில்தான் பலர் வழுக்குவார்கள். 995-ஐச் சுத்தம் என்று வைத்து 9.09 போட்டால் மாற்று 912-க்கு இறங்கிவிடும்.

செம்பு ஆக்சிஜன் இல்லாத வகையாக இருக்க வேண்டும். சாதாரண மின்கம்பிச் செம்பில் ஆக்சைடு உண்டு, வார்ப்பில் காற்றுக்குமிழாக வந்து நிற்கும். வெங்காரம் (போராக்ஸ்) போர்த்தி, கிராஃபைட் கோலால் நன்றாகக் கிளறி, பிறகே ஊற்ற வேண்டும். கிளறல் போதாமல் போனால் செம்பு திட்டுத்திட்டாக நிற்கும். இன்னொன்று, தங்கம் 1064-லும் செம்பு 1085-லும் உருகும். ஆனால் கலந்தபின் இரண்டையும்விடக் கீழே உருகும்; 80% தங்கத்தின் அருகில் 910 வரை இறங்கும். சுத்தத் தங்கத்துக்குக் கொடுத்த அதே சூட்டை இதற்கும் கொடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தால் செம்புதான் எரியும். அப்போது மாற்று ஏறும், இறங்காது.

நீர்க்கணக்கு

வீட்டில் கண்டுபிடிக்க வழி கேட்டீர்கள். அடர்த்தி பார்த்தால் போதும், அந்தத் தராசே பெரிய காசுக்கு ஒப்பேறும்.

ஒரு கண்ணாடி டம்ளரில் நீர் ஊற்றித் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நைலான் இழையில் கட்டி, முழுதும் மூழ்குமாறு, அடியிலோ பக்கத்திலோ படாமல் தொங்கவிடுங்கள். இழையின் மறுமுனை தராசின் மேல் இருக்கக் கூடாது, தனித் தாங்கியில் இருக்க வேண்டும். தராசு காட்டும் கிராம்தான் காசு விலக்கிய நீரின் எடை. காசின் எடையை அதனால் வகுத்து, நீரின் அடர்த்தியால் பெருக்குங்கள். நீர் 20 டிகிரியில் 0.998, 30-ல் 0.996.

எதிர்பார்க்க வேண்டியவை, உலோகங்களின் அடர்த்தியை வைத்துப் போட்ட கணக்கு (தங்கம் 19.32, வெள்ளி 10.49, செம்பு 8.96):

22 கேரட், செம்பு மட்டும்: 17.62
22 கேரட், ஈகிள் கலவை: 17.78
22 கேரட், வெள்ளி மட்டும்: 18.05
900, செம்பு: 17.32
14 கேரட், வெள்ளி: 14.30
14 கேரட், செம்பு: 13.04

நிஜக் காசு இதிலிருந்து 0.1 வரை நகரலாம். உலோகங்கள் கலக்கும்போது கன அளவு துல்லியமாகக் கூட்டலாக வருவதில்லை.

தவறு நேர்வது குமிழியில். எழுத்து ஓரங்களிலும் விளிம்புப் பற்களிலும் ஒட்டிக்கொள்ளும். ஒரு கடுகுக் குமிழி இருந்தால் கன அளவு கூடுதலாகத் தெரியும், அடர்த்தி குறையும், நல்ல காசு கெட்ட காசாகிவிடும். நீரில் பாத்திரம் கழுவும் சோப்புக்கரைசல் ஒரு சொட்டு விட்டு, காசை உள்ளே மெதுவாக ஆட்டிவிட்டு அளவு எடுங்கள்.

மஞ்சள்காசு

நன்றி. நீர் 29 டிகிரி. க்ரூகராண்டுக்கு 1.92, ஈகிளுக்கு 1.90. மறுபடி பார்த்தாலும் அதேதான். கணக்குப் போட்டால் 17.60, 17.79. வெறும் 0.02 கிராம் வித்தியாசத்தை நம்பலாமா?

நீர்க்கணக்கு

ஒரு கலவையை இன்னொன்றிலிருந்து பிரிக்க அரைகுறையாக நம்பலாம். தராசின் கடைசி இலக்கம் ஒன்று நகர்ந்தால் அடர்த்தி 0.09 நகரும்; செம்புக் கலவைக்கும் ஈகிள் கலவைக்கும் இடைவெளியே 0.16. ஒருமுறை பார்த்தால் போதாது, நாலைந்து முறை எடுத்துச் சராசரி பாருங்கள். "இது 22 கேரட்டா, 14 கேரட்டா" என்ற கேள்விக்கு இந்தத் தராசு தாராளம்.

சாவரினில் இதைச் செய்து பார்க்காதீர்கள். அது விலக்கும் நீர் 0.45 கிராம்தான். 0.45 என்றால் 17.7, 0.46 என்றால் 17.3. கடைசி இலக்கத்தில் ஒரு படி மாறினால் 900 மாற்றாகிவிடும். சிறிய காசுக்கு 0.001 கிராம் தராசு வேண்டும்.

உரைகல்

அடர்த்தி மட்டும் ஒத்துப்போனால் நிம்மதியாகிவிடக் கூடாது. டங்ஸ்டன் 19.25; அதோடு லேசான உலோகத்தைச் சரியாகச் சேர்த்து மேலே தங்கம் பூசினால் 17.6-ஐ எட்ட முடியும். அதற்கு அளவுகளையும் பார்க்க வேண்டும், மின்கடத்தலையும் பார்க்க வேண்டும். சுத்தத் தங்கம் மீட்டருக்கு 45 மெகாசீமன்ஸ் வாக்கில் கடத்தும். 8.33% செம்பு கலந்ததும் அது 10 வாக்குக்கு விழுந்துவிடும். டங்ஸ்டன் 18, செம்பு 58, வெள்ளி 63. ஆகவே சோதனைக் கருவி 22 கேரட் காசில் அதிகக் கடத்தலைக் காட்டினால் "நல்ல தங்கம்" என்று மகிழக் கூடாது, சந்தேகப்பட வேண்டும். கருவி இல்லையென்றால் காசைச் சாய்த்து வைத்து, சிறிய நியோடிமியம் காந்தத்தை வழுக்கவிடுங்கள். வெள்ளிக் காசில் தயங்கித் தயங்கி இறங்கும், 22 கேரட்டில் ஏறக்குறைய வழக்கம்போல வழுக்கும். தங்க முலாம் பூசிய வெள்ளியும் செம்பும் இங்கே மாட்டிக்கொள்ளும். டங்ஸ்டன் மாட்டாது, அது எடைக்கு ஏற்ற தடிமனில் இருக்கிறதா என்று காலிப்பரில் பாருங்கள்: க்ரூகராண்ட் 32.7, ஈகிள் 32.7 மில்லிமீட்டர் விட்டம், தடிமன் 2.8 வாக்கில்.

எக்ஸ்-கதிர்க் கருவியில் காட்டினேன் 93% வந்தது என்று குழம்புபவர்களுக்கும் ஒன்று. அந்தக் கருவி மேலே சில மைக்ரானைத்தான் பார்க்கும். காசுத் தகட்டைச் சூடேற்றியதும் மேலே கருப்பாகச் செம்பு ஆக்சைடு படியும், அதை நீர்த்த கந்தக அமிலத்தில் கழுவி எடுப்பார்கள். கழுவியபின் மேல்தோலில் செம்பு குறைந்து தங்கம் தூக்கலாக நிற்கும். ஆசிட்டில் போட்டு யாரோ "சுத்தம்" செய்த காசிலும் இதே கதைதான். தேய்ந்து உயர்ந்த பகுதியிலோ விளிம்பிலோ வைத்து அளந்தால் உண்மைக்கு நெருங்கலாம். துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் நெருப்பு மதிப்பீடுதான்: துண்டை ஈயத் தகட்டில் சுருட்டி எலும்புச்சாம்பல் அல்லது மக்னீசியக் கிண்ணத்தில் உருக்கினால் செம்பு ஈயத்தோடு உறிஞ்சப்படும், மணியில் தங்கமும் வெள்ளியும் நிற்கும். இன்னொரு துண்டில் வெள்ளியை இரண்டரை மடங்கு வரை சேர்த்து உருக்கி நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்தால் தங்கம் மட்டும் மிஞ்சும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே காசிலிருந்த வெள்ளி. ஆனால் இதற்குக் காசை வெட்ட வேண்டும், உங்களுக்கு வேண்டாத வேலை.

இப்போது அந்தப் புள்ளி. மூசை சொன்ன கிளறல் போதாத திட்டு ஒன்று மேலே வந்து நிற்கலாம், அல்லது உருளையிலிருந்தோ அச்சிலிருந்தோ உலோகத்தூள் அச்சடிக்கும்போது பதிந்திருக்கலாம். பிறகு ஈரக்காற்றும் கந்தகமும் பட்டுச் செந்நிறமாகத் தெரியும். வெள்ளித்தூள் பதிந்து சல்ஃபைடானாலும் மெல்லிய படலம் சிவப்பாகவே காட்டும், அதனால் 9999 காசிலும் இது வரும். தங்க எடையில் எந்த மாற்றமும் இல்லை. தேய்த்தால் புள்ளி போகாது, சுற்றியுள்ள பரப்பில் கோடு விழும். வெள்ளிக் கழுவு திரவத்தில் முக்கினால் புள்ளி இருந்த இடம் வேறு நிறமாக, பள்ளமாக நிற்கும். கையெண்ணெய், பிளாஸ்டிக் பசை இருந்தால் மட்டும் சுத்த அசிட்டோனில் சில நிமிடம் ஊறவைத்துத் துடைக்காமல் உலரவிடுங்கள். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் வேறு எண்ணெயெல்லாம் இருக்கும்.

மஞ்சள்காசு

புரிந்தது, புள்ளி அங்கேயே இருக்கட்டும். மென்மையான வழவழ பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன், அது பரவாயில்லையா?

பழங்காசு

வழவழப்பாக வளைந்து, திறந்தால் ஒரு நெடி வந்தால் அது பிவிசி. இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அதிலிருந்து கசியும் பச்சைப் பசை சுத்தத் தங்கத்தை ஒன்றும் செய்யாது; 22 கேரட்டிலும் 900-லும் இருக்கும் செம்பை அரிக்கும். பாலிஎஸ்டர் உறை அல்லது அளவுக்கேற்ற அக்ரிலிக் கூடு வாங்குங்கள். ஈகிள், க்ரூகராண்ட் இரண்டுக்கும் 33 மில்லிமீட்டர் கூடு பொருந்தும். ரப்பர் வளையமும் கம்பளித் துணியும் பெட்டிக்குள் வேண்டாம், இரண்டிலும் கந்தகம் உண்டு.